செம்புக் கம்பி சுமந்த பாரம்

பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில், மாலை ஐந்து மணி வரை அருப்புக்கோட்டை வியர்த்துக் கொட்டும். நூற்பாலைகளில் ஜெனரேட்டர் ஓடும். நூல் கமிஷன் கடைகளில் இன்வெர்ட்டர் தாங்கும் மட்டும் தாங்கும். சிறிய ஆபீஸ்களில் கணினித் திரைகள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். மேசை ஓரத்தில் இருக்கும் பழைய தரைவழித் தொலைபேசி மட்டும் வழக்கம்போல் மணியடிக்கும். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். பல பத்தாண்டுகளாக அப்படியே இருந்துவந்ததால், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியவர்கள் குறைவு.

அந்தத் தொலைபேசியை எடுத்துவிட்டு, இணையத்தின் வழியே பேசும் ஏற்பாட்டுக்கு மாறலாமா என்ற கேள்வி இப்போது ஆலை அலுவலகம், ஜின்னிங் பாக்டரி, கூட்டுறவு சங்கம், பள்ளிக்கூடம் என்று எல்லா இடங்களிலும் எழுகிறது. மாறுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அந்தச் செம்புக் கம்பி பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை. கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் கொண்டுவந்தது. பேசி முடிக்கும்வரை அந்தப் பேச்சுக்கென்றே ஒரு வழியை ஒதுக்கி வைத்திருந்தது. அழைப்பவர் எந்தக் கட்டடத்திலிருந்து பேசுகிறார் என்ற விவரமும் கம்பியோடு பிணைந்தே இருந்தது. இவை எல்லாம் எக்ஸ்சேஞ்சின் பொறுப்பு. இணையத் தொலைபேசிக்கு மாறும் நாளில் இந்தப் பொறுப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்தின் தலைக்கு வந்துவிடுகின்றன. விலைப்பட்டியலில் அவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது.

முதலில் மின்சாரம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் ஓர் அறையில், ஒவ்வொன்றும் 2 வோல்ட் தரும் 24 ஈய-அமில மின்கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். மொத்தம் 48 வோல்ட். கைபட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத அளவு, ஆனால் சில கிலோமீட்டர் செம்புக் கம்பியைத் தாண்டி வந்து ஒரு தொலைபேசியை இயக்கப் போதுமான அளவு. மணியடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் தனியாக அனுப்பப்படும். இந்த 48 வோல்ட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. நேர்முனையை மண்ணோடு இணைத்து, சந்தாதாரருக்குப் போகும் கம்பியை எதிர்மின்னழுத்தத்தில் வைத்தார்கள். ஈரமண்ணில் புதைந்த கம்பி நேர்மின்னழுத்தத்தில் இருந்தால், செம்பு அயனிகளாகக் கரைந்து மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். எதிர்மின்னழுத்தம் அந்த அரிப்பைத் தடுக்கிறது. நூறாண்டுக்கும் மேலாக உலகம் முழுதும் தொலைபேசிக் கம்பிகள் இந்தச் சிறிய ஏற்பாட்டால் பிழைத்து வந்திருக்கின்றன.

ஆனால் கரிசல் மண் அரிப்போடு நிற்பதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை பார்த்தால், கோடையில் கை நுழையும் அகலத்துக்கு நிலம் வெடித்துக் கிடப்பதைக் காணலாம். இந்த மண்ணில் உள்ள களிமண் வகை, படலம் படலமான அமைப்பு கொண்டது. ஐப்பசி மழையில் படலங்களுக்கு இடையே தண்ணீரை இழுத்து ஊதும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பிளக்கும். வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுவதற்குக் காரணமான அதே அசைவு, மண்ணுக்கு அடியில் கிடக்கும் கேபிள்களையும் இழுக்கிறது. கேபிளின் நடுப்பகுதி தாங்கிவிடும். இரண்டு துண்டுகளைச் சேர்த்த ஜாயின்ட்தான் விட்டுக்கொடுக்கும். அதற்குள் ஈரம் இறங்கினால் லைனில் கரகரப்பு, பக்கத்து லைன் பேச்சு, கடைசியில் டயல் டோனே இல்லாத நிலை. முதல் மழைக்குப் பிறகு 'போன் டெட்' என்ற புகார்கள் பெருகியதற்கும், எந்த ஜாயின்ட் எந்தப் புளியமரத்தடியில் இருக்கிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்களை ஊர் மதித்ததற்கும் இதுதான் காரணம். கண்ணாடி இழையான ஃபைபருக்கு அரிப்பு கிடையாது, ஈரத்தால் கரகரப்பும் கிடையாது. இந்த மண்ணுக்கு அது பெரிய வரம்.

குரலை எண்களாக மாற்றி அனுப்புவதுதான் இணையத் தொலைபேசியின் புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மாற்றம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

1984-ல் சாம் பிட்ரோடாவின் முன்முயற்சியில் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. அங்கிருந்த இளம் பொறியாளர்கள் முதலில் எடுத்துக்கொண்டது பெருநகரத்தின் வேலையை அல்ல. கிராமங்களுக்கான 128 முனைகள் கொண்ட ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தார்கள். 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதன்முதலாக இயங்கியது. வெளிநாட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளுக்குக் குளிர்சாதன அறை வேண்டும். கிட்டூரில் வைத்த பெட்டிக்கு அது தேவையில்லை. வெப்பத்தைக் குறைவாக வெளியிடும் சுற்றுகளை எடுத்து, காற்று தானாக மேலெழுந்து குளிரூட்டும்படி அடுக்கி, தூசி புகாமல் அடைத்திருந்தார்கள். கரண்ட் அடிக்கடி போகும், வெயில் காயும், புழுதி பறக்கும் நம் ஊர்ப்புறத்தை மனத்தில் வைத்துச் செய்த பொறியியல் அது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி பூத்துகள் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்ததில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கு உரிய மரியாதையை நாம் இன்னும் முழுதாகச் செலுத்தவில்லை என்பது என் ஆதங்கம்.

அந்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சு செய்தது இதுதான். குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 8,000 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாகக் குறிக்கும். பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட். கம்பியில் அலையாக வந்த குரல், எக்ஸ்சேஞ்சைத் தொட்டதும் எண்களாகி மதுரைக்கும் சென்னைக்கும் போனது. அப்படிப் போகையில், பேசுகிறவர் மூச்சு விடும் இடைவெளியிலும்கூட, அந்த 64,000 பிட்டுக்கான இடம் அவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு யாரும் அதில் நுழைய முடியாது. குரல் போகும் விதத்தில் மாறியிருப்பது இந்த ஒதுக்கீடு மட்டுமே.

இணையத்தில் யாருக்கும் தனி வழி கிடையாது. குரலின் எண்கள் 20 மில்லி நொடிப் பேச்சு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் வெட்டப்படுகின்றன. ஒரு பேல் நூலை அப்படியே ஒரே லாரியில் ஏற்றாமல், கோன் கோனாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் முகவரியும் ஒட்டி, எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் போட்டுவிடுவதைப் போன்றது இது. 1974-லேயே டேனி கோஹென் என்பவரும் கூட்டாளிகளும், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் இப்படிப் பேசிக் காட்டினார்கள். அன்று கணினிகள் அதற்குத் திணறின. 1995-ல் வோக்கல்டெக் நிறுவனம் சாதாரணக் கணினிக்கே அதற்கான மென்பொருளை விற்றது. அழைப்பது, மணியடிப்பது, எடுப்பது, வைப்பது ஆகியவற்றுக்கான பொதுவிதியாகிய 'சிப்' 1999-ல் வெளியானது. இன்று விற்கும் ஐபி தொலைபேசிகளில், அதாவது இணையத் தொலைபேசிக் கருவிகளில், பெரும்பாலானவை அந்த விதியின் திருத்திய வடிவத்தில்தான் பேசுகின்றன.

இனி கணக்கு. ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல். முகவரிக்கும் வரிசை எண்ணுக்குமாக இன்னும் 40 பைட். நொடிக்கு 50 பொட்டலம். ஆக ஒரு பேச்சுக்கு, ஒரு திசையில், நொடிக்கு 80,000 பிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டை எட்டாது. இன்று ஓர் ஆபீஸ் வாங்கும் ஃபைபர் இணைப்பு இதைப்போலப் பலமடங்கு தாங்கும். ஆகவே 'எத்தனை எம்பி ஸ்பீடு வேண்டும்' என்ற வழக்கமான கேள்வி இங்கே அவ்வளவு முக்கியமில்லை. பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வந்து சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சலில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்பச் சொல்லலாம். பேச்சில் அதற்கு நேரமில்லை. தாமதமாக வந்த சொல் வராத சொல்லுக்குச் சமம். அதனால் கேட்கும் முனையில் உள்ள கருவி, வந்த பொட்டலங்களைச் சில பத்து மில்லி நொடிகள் தேக்கி வைத்து, வரிசைப்படுத்தி, சீராக வாசிக்கிறது. அந்தத் தேக்கத்தையும் தாண்டிப் பிந்தி வருபவை தூக்கி எறியப்படும். அப்போதுதான் 'ஹலோ, விட்டு விட்டுக் கேக்குது' என்கிறோம்.

ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். பொட்டலம் கட்ட 20, தேக்கத்துக்கு 40 முதல் 60 என்று வைத்தால் ஏறத்தாழப் பாதி அங்கேயே செலவாகிவிடுகிறது. மீதிதான் தூரத்துக்கு. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சேவை தரும் நிறுவனத்தின் கணினி சென்னையிலோ மும்பையிலோ இருந்தால் தூரத்துக்கான செலவு மிகக் குறைவு. அதுவே அமெரிக்காவில் இருந்தால், 13,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் ஒளிக்கு மட்டுமே 65 மில்லி நொடி போய்விடும். நடைமுறையில் இன்னும் கூடும். மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு, உங்கள் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. ஆலைக்குள் பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டி இருந்தபோது, ஸ்பின்னிங் பகுதியிலிருந்து ஆபீசுக்குப் போடும் இன்டர்காம் அழைப்பு வளாகத்தைத் தாண்டாது. எக்ஸ்சேஞ்சு லைன் செத்துக் கிடந்தாலும் உள்பேச்சு நடக்கும். எல்லாவற்றையும் தொலைவில் உள்ள சர்வரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளில், நூறடி தூரத்தில் இருக்கும் இருவர் பேசவும் இணையம் வேண்டியிருக்கும். நான்குவழிச் சாலை ஓரத்தில் ஒரு ஜேசிபி ஃபைபரை அறுத்தால் கணக்குப் பிரிவும் கிடங்கும் பேச முடியாது. அதனால் நூற்பாலை, மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில், அழைப்புகளை இணைக்கும் ஐபி பிபிஎக்ஸ் பெட்டி வளாகத்துக்குள்ளேயே இருப்பதுதான் சரி என்பேன். இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள கமிஷன் கடைக்கு அது தேவையில்லை.

குரலின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய லைனில் ஆங்கில 'எஸ்' எழுத்தும் 'எஃப்' எழுத்தும் ஒன்றுபோலக் கேட்டதற்குக் காரணம், அவற்றைப் பிரித்துக் காட்டும் சீறொலி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதுதான். லாரி எண்ணையும் லாட் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும் தொழிலில் இது சின்ன விஷயம் அல்ல. ஐபி தொலைபேசியில் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும் அகல அலைவரிசை முறை இருக்கிறது. அதே 64,000 பிட்டுக்குள் அது அடங்கும். ஆலைக்கும் அதன் மதுரை, கோவை ஆபீஸ்களுக்கும் இடையே இரு பக்கமும் ஐபி தொலைபேசி இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். வெளி எண்ணுக்குப் போடும் அழைப்பில் இந்த நன்மை பெரும்பாலும் கிடைக்காது. இன்னொன்று: இடத்தை மிச்சப்படுத்த, நொடிக்கு 8,000 பிட்டாகக் குரலைச் சுருக்கும் முறையும் உண்டு. மனிதத் தொண்டையும் வாயும் ஒலி எழுப்பும் விதத்தை மாதிரியாகக் கொண்டு கணக்கிடும் முறை அது. நூல் நூற்கும் ரிங் பிரேம்கள் இரையும் கூடத்தில் அந்த மாதிரிக்குக் குரலும் இரைச்சலும் குழம்பிப் போகும். இயந்திரச் சத்தம் உள்ள இடத்துக்குச் சுருக்காத முறையே ஏற்றது.

சட்டம் ஏன் இவ்வளவு காலம் குறுக்கே நின்றது என்று கேட்கலாம். 2002 ஏப்ரலில் இந்தியாவில் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டபோது, கணினியிலிருந்து கணினிக்கும் வெளிநாட்டு எண்ணுக்கும் பேசலாம் என்றார்கள். உள்நாட்டுச் சாதாரணத் தொலைபேசி எண்ணுக்குப் பேசக் கூடாது என்று தடுத்தார்கள். எஸ்டிடி வருமானம் கைநழுவும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. 2017-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்து, 2018-ல் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் தெளிவாக்கிய பிறகே கதவு திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற இணையத் தொலைபேசிச் சேவையை அறிவித்தது. அதே 2018-ல்தான் சரக்கு லாரிக்கு இ-வே பில் கட்டாயமானது. இணையம் இல்லாமல் ஒரு பேல் நூல்கூட ஊரைத் தாண்டாது என்றானதும், ஆலைகளும் கமிஷன் கடைகளும் நம்பகமான இணைப்பை எப்படியாவது வாங்கியாக வேண்டியதாயிற்று. வரிக்கணக்குக்காக வந்த கம்பியில்தான் இன்று குரலும் ஏறிக்கொள்கிறது.

எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 04566 என்று தொடங்கும் எண், ஆலைப் பெயர்ப்பலகையிலும் நூல் பை அச்சிலும் வியாபாரிகளின் பழைய டைரியிலும் பல ஆண்டுகளாக இருக்கிறது. கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011-லிருந்து நாடு முழுதும் உண்டு. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. எந்த நிறுவனம் குறைந்த கட்டணம் சொல்கிறது என்று தாவினால் எண் போய்விடும். இருக்கும் நிறுவனத்திடமே, அதே எண்ணைச் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேட்பது நல்லது.

இனி மின்சாரத்துக்கே திரும்ப வேண்டும், ஏனெனில் இந்த மாற்றத்தின் வெற்றி தோல்வி அதில்தான் இருக்கிறது. ஃபைபர் ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. ஃபைபர் வந்து முடியும் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், ஐபி பிபிஎக்ஸ், ஒவ்வொரு மேசையிலும் உள்ள தொலைபேசி என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அதில் ஒரு கண்ணிக்கு மின்சாரம் போனாலும் பேச்சு போகும். பல ஆபீஸ்களில் கணினிகளுக்கு யூபிஎஸ் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கும் ஃபைபர் பெட்டி மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கும். தொலைபேசிகளுக்குத் தனித்தனி அடாப்டர் வாங்காமல், வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் ஸ்விட்ச் வாங்கினால் சங்கிலி சுருங்கும். அந்த முறைக்கு 2003-ல் வகுத்த தரமும் 48 வோல்ட்டைத்தான் அடிப்படையாகக் கொண்டது. எக்ஸ்சேஞ்சு மின்கல அறையின் வேலை ஆபீஸ் அலமாரிக்குள் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்? எட்டுத் தொலைபேசி உள்ள ஆபீஸில் இந்தச் சங்கிலி முழுதும் 60 வாட் அளவு எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேர மின்தடைக்கு 480 வாட்-மணி. 150 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கும். தாராளமாகப் போதும், விசிறியையும் விளக்கையும் அதிலேயே மாட்டாவிட்டால். ஆனால் ஈய-அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரிக்குக் காற்றோட்டமான அறை இருந்தது, அதைக் கவனிக்க ஆட்களும் இருந்தார்கள். நம் ஆபீஸில் அது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியில் வேகும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அதை வைப்பது, விலை கூடிய பேட்டரி வாங்குவதை விடப் பயன் தரும்.

மின்தடையை விடவும் பொல்லாதது மின்னழுத்தம் ஏறி இறங்குவது. இதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி, தேனியில் உள்ள மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். செம்புக் கம்பி இல்லாமல் இணையத்தின் வழியே குரலும் படமும் அனுப்பிய அந்த ஏற்பாட்டில், கருவிகள் மீண்டும் மீண்டும் பழுதாயின. ஆராய்ந்து 2008-ல் அவர்கள் எழுதிய கட்டுரை, தரமற்ற மின்சாரத்தையே முதன்மைக் குற்றவாளியாகக் காட்டியது. அழுத்தம் திடீரென ஏறினால் கருவிகள் கருகின. மிகவும் இறங்கினால் அரைகுறையாக இயங்கி, நினைவகத்தில் உள்ளது கெட்டு, ஆள் போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அலைகளைப் பற்றி ஆராய வந்தவர்கள் பிளக் பாயின்டில் போய் நின்றார்கள். பெரிய மோட்டார்கள் ஓடி நிற்கும் ஆலை வளாகத்துக்கு இது அப்படியே பொருந்தும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில நொடி கரண்ட் போனாலே ரவுட்டரும் தொலைபேசிகளும் புதிதாகக் கண்விழித்து, சர்வரிடம் பதிவு செய்துகொள்ள ஓரிரு நிமிடம் ஆகும். பழைய தொலைபேசிக்கு அப்படி விழித்தெழும் நேரமே கிடையாது.

மின்னல் விஷயத்தில் ஃபைபருக்குத்தான் வெற்றி. திறந்த வெளியில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய செம்புக் கம்பி, ஐப்பசி இடியின்போது மின்னலின் வீச்சை ஆபீஸுக்குள் அழைத்து வந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியே இழுத்த வலையமைப்புக் கேபிள் செம்புதான்; கிடங்குக்கும் ஆபீஸுக்கும் நடுவே அதையும் ஃபைபராகவே போடுவது புத்திசாலித்தனம்.

வெளிநாடுகள் இதில் எப்படி நடந்துகொண்டன? ஜப்பானில் 2024-ல் என்டிடி நிறுவனம் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையேயான பாதையை மட்டும் இணைய முறைக்கு மாற்றியது. வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி, கருவி, எண் எல்லாம் அப்படியே இருந்தன. பழைய எக்ஸ்சேஞ்சுகளை மாற்ற சி-டாட் உருவாக்கிய மேக்ஸ்-என்ஜி முறையும் இதே போக்குடையதுதான். நம் நாட்டில் பல சந்தாதாரர்களின் பேச்சு அவர்கள் அறியாமலே பொட்டலமாகிவிட்டது. பிரிட்டன் செம்பையே கைவிட முடிவெடுத்தது. தனியாக வாழும் முதியோர் கழுத்தில் அணிந்து, விழுந்தால் அழுத்தும் அவசரப் பொத்தான்கள் பழைய லைனை நம்பியிருந்தன. மாற்றத்துக்குப் பிறகு சில இயங்கவில்லை. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். பழைய வலையமைப்பை மூடும் கெடுவும் 2025-லிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. தொலைபேசி என்று கணக்கெடுத்தவர்கள், தொலைபேசி லைனில் தொங்கிய மற்றக் கருவிகளைக் கணக்கெடுக்கவில்லை. நம் ஆபீஸ்களில் தீ எச்சரிக்கைப் பெட்டி, லிஃப்டுக்குள் உள்ள தொலைபேசி, பழைய ஃபேக்ஸ், கார்டு தேய்க்கும் இயந்திரம் ஆகியவை அந்த வகை. லைனை ரத்து செய்ய மனு எழுதும் முன், ஒவ்வொரு கம்பியும் எந்தக் கருவியில் போய் முடிகிறது என்று சுவரைத் தொடர்ந்து நடந்து பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. இணையத்தில் திறந்து வைத்த பிபிஎக்ஸ் பெட்டியை உலகெங்குமிருந்து தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்க்கின்றன. எக்ஸ்டென்ஷன் 101-க்குக் கடவுச்சொல்லும் 101 என்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரவில் யாரோ உங்கள் கணக்கில் வெளிநாடுகளுக்குப் பேசித் தீர்ப்பார்கள். ஐஎஸ்டி தேவையில்லாத ஆபீஸில் அதை அடைத்துவிடுவதே எளிய காப்பு.

மிச்சமிருப்பது, அழைப்பவர் இருக்கும் இடம். செம்புக் கம்பியில் வந்த அழைப்பு எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்பது எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டில் இருக்கும். ஐபி தொலைபேசியைக் கழற்றி மதுரைக் கிளையில் மாட்டினாலும் அது அருப்புக்கோட்டை எண்ணாகவே ஒலிக்கும். எங்கோ ஒரு விடுதியில் இருக்கும் மேலாளரின் கைபேசிச் செயலியிலும் அதே எண்தான். அன்றாட வேலைக்கு இது பெரும் வசதி. 112-ஐயோ 108-ஐயோ அழைக்கும் நிமிடத்தில் இதுவே ஆபத்து. அந்த அழைப்பு சரியான கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்றோ, முகவரி தானாகத் தெரியும் என்றோ எண்ணி இருந்துவிடக் கூடாது. பஞ்சுக் கிடங்கு உள்ள வளாகத்தில் தீ பரவ எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு.

ஆகவே மாற்றத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்றால், கணக்குப் பிரிவிலிருந்தும் விற்பனைப் பிரிவிலிருந்தும் தொடங்கலாம். அங்கே குரல் விட்டு விட்டுக் கேட்டால் எரிச்சல் மட்டும்தான். சில வாரங்கள் பழைய லைனும் புதிய இணைப்பும் அக்கம்பக்கமாக ஓடட்டும். இரண்டாவது இணைப்பு வாங்கினால் அது முதலாவது வரும் அதே கம்பத்தில் வராததாக, முடிந்தால் கைபேசி வலையமைப்பின் வழியே வருவதாக இருக்கட்டும். கடைசியாகத் தொட வேண்டியது வாயில் காவலர் அறை. இரவில் முதலில் புகையைப் பார்ப்பவர் அவர்தான். அந்த அறையில் செம்பு லைன் ஒன்றை இயன்ற காலம் வரை வைத்திருக்க வேண்டும் என்பேன். அதை எடுத்தே ஆக வேண்டுமானால், முதலில் ஆலையின் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டு, அங்கிருந்து வெளியூர் எண் ஒன்றுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த எட்டு மணி நேரத்துக்கு மணிக்கொரு முறை அதே அழைப்பை மறுபடியும் போட வேண்டும்.